நவாஸ் நானாவின் வேலி

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கடவத்தையில் கண்டி பஸ்ஸில் ஏறும்போதே எனக்குப் பல்லேபொலையைப் பிடிக்காமல் போயிருந்தது. அந்த ஊரை நான் அதுவரை பார்த்ததில்லை. பார்க்காத ஊர்மேல் எரிச்சல் வந்ததற்குக் காரணம், பக்கத்து இருக்கையில் என் மனைவி சுமதி திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு வந்த ஒரு புகைப்படம்.

படத்தை அனுப்பியவர் நவாஸ் நானா. நான் கணக்கு வேலை பார்க்கும் வத்தளைக் கம்பெனிக்கு மிளகும் கிராம்பும் அனுப்புகிறவர். மாத்தளை மாவட்டத்தில் பல்லேபொலைக்குப் பக்கத்தில் அவருக்கு இரண்டு ஏக்கர் காணி. நல்ல மனிதர்தான், ஆனால் பெருமைக்காரர். விடிந்தால் போதும், ஃபோனில் அவருடைய தோட்டம் வந்துவிடும். கிளையில் உட்கார்ந்த இருவாச்சி ஒருநாள், ஈரப் பாறையில் ஒரு தவளை மறுநாள். நான் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைப்பேன். ஒருநாள் கவிழ்க்குமுன் சுமதி பார்த்துவிட்டாள்.

"இங்க பாருங்க ரவி. நம்ம வீட்டுக்கு வந்துச்சே, அதே பூச்சி."

கறுப்பு முன்சிறகு, தங்க மஞ்சள் பின்சிறகு, ஒரு சிட்டுக்குருவி அகலம். இந்த நாட்டின் தேசிய வண்ணத்துப்பூச்சி. படத்தில் அது ஒன்றாக இல்லை, நான்கைந்தாகப் பறந்துகொண்டிருந்தது.

எங்கள் வீட்டுக்கும் அது வந்தது உண்மை. வத்தளையில் எங்களுக்குப் பதினொரு பேர்ச், அதாவது ஏழு சென்ட்டுக்கும் குறைவான துண்டுக் காணி, அதில் பாதி வீடு, பாதி தோட்டம். தோட்டம் என் வேலை. கம்பளம்போல் வெட்டிய புல், வரிசையாகக் குரோட்டன், சட்டியில் ஓர்க்கிட், மதில் ஓரமாகக் கண்டி வீதிக் கன்றுக் கடையில் வாங்கிய ஒரு கொடி. கடைக்காரர் அதைப் 'பிரேசில் கொடி' என்றார். புனல்போல வளைந்து, ஈரல் நிறப் புள்ளிகளோடு பூக்கும். அந்தக் கொடிக்குத்தான் வண்ணத்துப்பூச்சி வந்து முட்டையிட்டது. சுமதி பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். காலையும் மாலையும் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். புழுக்கள் வெளியே வந்து இலையைக் கொறித்தன, பிறகு கறுத்துச் சுருண்டு செத்தன. இரண்டாம் முறையும் அப்படியே. நம் நாட்டு ஈஸ்வரமூலிக்கு இந்தக் கொடி தூரத்துச் சொந்தம் என்றும், மணத்தை நம்பித் தாய் ஏமாந்து முட்டையிடுகிறது, ஆனால் புழுவுக்கு அந்த இலை நஞ்சு என்றும் எங்கோ தேடிப் படித்துச் சொன்னாள். பிடுங்கிவிடலாம் என்றேன். பூ அழகாக இருந்ததால் பிடுங்கவில்லை. அதன்பிறகு அவள் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டாள்.

இப்போது அவள்தான் நவாஸ் நானாவோடு பேசி இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்திருந்தாள்.

கண்டிக்கு வர ஒன்பதரை ஆயிற்று. டிக்கெட் ஆளுக்கு முந்நூற்று நாற்பது ரூபாய். அங்கிருந்து மாத்தளை இருபத்தாறு கிலோமீற்றர். அக்குறணைக் கடைத்தெருவில் பஸ் ஊர்ந்தது, அலவத்துகொடை தாண்டியதும் ஓடத் தொடங்கியது. மாத்தளையில் தேத்தண்ணியும் ஆளுக்கொரு ரோல்ஸும். பிறகு தம்புள்ளை பஸ்ஸில் ஏறி, பலாபத்வல சந்தியில் இறங்கினோம். அங்கே நின்ற முச்சக்கரவண்டிக்காரர் ஆயிரத்து இருநூறு கேட்டார், சுமதி ஆயிரத்துக்குப் பேசி முடித்தாள்.

"நவாஸ் ஹாஜியார் வீடா? அந்தக் காட்டு வீடுதானே?" என்றார் அவர்.

எனக்கு அந்த மனிதரை உடனே பிடித்துப்போனது. "ரொம்பக் காடா கெடக்கா?" என்று ஆசையோடு கேட்டேன்.

"காடுதாங்க. வெளிய நின்னா வீடு தெரியாது. ஆனா சும்மா சொல்லக்கூடாது, மத்தியான வெயில்ல அந்த வீட்டுக்கு முன்னால ரோட்டு வளைவுக்குப் போனோம்னா ஏசி போட்ட மாதிரி இருக்கும். நாங்க வண்டிய நிறுத்திட்டு அங்கதான் சோறு சாப்பிடுவோம்."

அவர்மேல் வைத்த பிரியம் அதோடு தீர்ந்தது.

அந்த வளைவு வந்தபோது பகல் பன்னிரண்டு. உண்மையிலேயே முகத்தில் குளிர்ந்த காற்றுப் பட்டது. சுமதி கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தாள். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

வாசலில் நவாஸ் நானாவும் அவருடைய மனைவி ரிசானா ராத்தாவும் நின்றார்கள். எங்கள் இருவரையும்விட மூத்தவர்கள், ஆகவே எங்களுக்கு நானாவும் ராத்தாவும்.

"வாங்க தம்பி, வாங்க தங்கச்சி! பயணம் லேசா இருந்துச்சா?" என்றவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "முதல்ல தோட்டத்தைப் பாக்குறதா, சாப்பிடுறதா?"

"சாப்பிடுறது," என்றேன் நான்.

"தோட்டம்," என்றாள் சுமதி.

தோட்டம்தான் வென்றது.

நான் குறை தேடிக்கொண்டே நடந்தேன். குறைக்குப் பஞ்சமில்லை. பாதையில் சருகு கணுக்கால் வரை கிடந்தது. முறிந்த கொப்புகளை அப்படியே ஓரமாகக் குவித்திருந்தார்கள். எந்த மரமும் எந்த மரத்தோடும் வரிசையில் இல்லை. மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே கித்துல் பனை, அதற்குக் கீழே கொரக்காப் புளிமரம், அதன் காலடியில் நான் பெயர் அறியாத செடிகள். தலைக்குமேலே ஓர் அத்திமரம், அதில் குக்குறுவான்கள் விடாமல் கத்திக்கொண்டிருந்தன. என் தோட்டத்தில் காகமும் மைனாவும் வரும். அவையும் புல்லில் நடந்துவிட்டுப் போய்விடும்.

மிளகு ஏறியிருந்த மரத்தைக் கண்டதும் எனக்கு ஒரு பிடி கிடைத்தது. "நானா, இது கிளிரிசீடியாதானே? இதுவும் வெளிநாட்டு மரம்தானே?"

"ஆமா தம்பி," என்றார் அவர், கொஞ்சமும் அசராமல். "மிளகுக்கு அதுதான் லேசு. வெட்ட வெட்டத் தழையும். வெளிநாடு எல்லாத்தையும் வெரட்டினா நான் என்னத்தைச் சாப்பிடுறது? மிளகாயும் மரவள்ளியும் எங்க இருந்து வந்துச்சு? வெளிநாட்டு மரம் இருக்கட்டும், நம்ம மரமும் இருக்கட்டும்னு விட்டேன். அவ்வளவுதான்."

"அவர் எங்க விட்டார்?" என்று ரிசானா ராத்தா இடையில் புகுந்தார். "எல்லாத்தையும் வெட்டி மிளகு வைக்கணும்னு நின்ன ஆள். கீழ்க் காணியில வெட்டியும் போட்டார். ஒரு பெரிய மழைக்கு அது வழுக்கிக்கொண்டு வயலுக்குப் போயிட்டு. இந்தப் பக்கம் மரம் நின்ன மண் அசையல்ல. அதுக்குப் பொறகுதான் இவருக்கு மரத்துமேல முஹப்பத்."

நவாஸ் நானா வாய்விட்டுச் சிரித்தார். தன் தவறைச் சொல்லும்போதுகூட அந்த மனிதருக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ராத்தா எங்களைக் காணியின் அடிப்பக்கம் கூட்டிப்போனார். சரிந்த இடத்தில் இப்போது இளமரங்கள் நெருக்கமாக நின்றன. ஓடைக் கரையில் ஒரு பெரிய மருது, வேர்களைத் தண்ணீருக்குள் விரித்து நின்றது. ஓடைக்கு அப்பால் வயல். வயலோரத்து இலுப்பைமரத்தைக் காட்டி, "இது வவ்வாலுக்கு" என்றார்.

"வவ்வாலுக்கா?" என்றாள் சுமதி.

"பழந்தின்ன வரும். தின்னுட்டு எச்சத்தை வயல்ல போடும். இலையும் அதுலதான் விழுந்து மக்கும். அதனால வயல்காரங்க மீ மரத்தை வெட்ட விட மாட்டாங்க, அங்க நெல்லு ஒரு பிடி கூடத்தான் வெளையும்னு சொல்லுவாங்க." இலுப்பைக்கு அங்கே சிங்களப் பெயர்தான் வழக்கம்.

சுமதி ஒவ்வொன்றையும் தொட்டாள், முகர்ந்தாள், கேள்வி கேட்டாள். சேலையின் ஓரம் முழுக்க ஒட்டுப்புல். வீட்டில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் வியர்க்க வியர்க்கப் புல் வெட்டி முடிக்கையில், "ம், நல்லா இருக்கு" என்று ஜன்னலுக்குப் பின்னால் இருந்து சொல்லும் அதே சுமதி. இங்கே இரண்டு மணி நேரமாகப் பசியை மறந்து அடுத்தவர் சருகில் நடந்துகொண்டிருந்தாள்.

கடைசியாகத்தான் வேலிக்கு வந்தோம். வீதியோரமாக நீளும் கம்பு வேலி. அதன்மேல் நீண்ட ஒடுங்கிய இலைகளோடு ஒரு மெல்லிய கொடி படர்ந்திருந்தது. பூ இருந்ததே தெரியவில்லை, அத்தனை சிறிது. சிங்களத்தில் சப்சந்த, நம்முடைய ஈஸ்வரமூலி. அதன் இலைகளுக்கடியில், கருஞ்சிவப்பில், உடம்பெல்லாம் சதைமுள்ளோடு, என் சுண்டுவிரலைவிடத் தடித்த புழுக்கள்.

சுமதி குந்தி உட்கார்ந்தாள். ஓர் இலையை மெல்லத் தூக்கிப் பார்த்தாள். பிறகு, "எவ்வளவு கொழுத்திருக்குதுங்க," என்றாள், மிக மெல்லிய குரலில்.

நவாஸ் நானா வேலிக்கு உட்பக்கம் நின்ற கோப்பிச் செடி ஒன்றைக் காட்டினார். அதன் கிளையில் ஒரு கூடு, காய்ந்த இலை சுருண்டதுபோல. "நிறம் மாறிட்டு. நாளைக்குக் காலையில வெளிய வந்துரும், இன்ஷா அல்லாஹ். நீங்க வாற நேரம் பாத்து வச்ச மாதிரி!"

அதையும் அவர்தான் ஏற்பாடு செய்தவர்போலச் சொன்னார். அன்று மதியம் ரிசானா ராத்தா போட்ட பலாக்காய்க் கறி மிகவும் ருசியாக இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஞாயிறு காலை நான் எழும்பும்போது சுமதி பக்கத்தில் இல்லை. ஜன்னலால் பார்த்தேன். கோப்பிச் செடி முன்னால் மூன்று பேரும் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சுமதி நவாஸ் நானாவிடம் எதையோ கேட்க, அவர் இரண்டு கையையும் விரித்துச் சிறகுபோல ஆட்டிக் காட்டினார். அவள் சிரித்தாள். அந்த மனிதருக்கு அறுபது வயது, பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் பொறாமைப்பட்டது அந்த மாதிரி அல்ல. அவள் அப்படிச் சிரித்தது ஒரு செடிக்கு முன்னால், அந்தச் செடி என்னுடையதல்ல. அதுதான் வலித்தது.

"முனைக் கடைக்குப் போய்ப் பேப்பர் வாங்கிட்டு வாறேன்," என்றேன்.

"இப்பவா? வெளிய வரப்போகுது ரவி!" என்றாள் சுமதி.

"வரட்டும்."

வீதியில் இறங்கி ஐம்பது அடி போயிருப்பேன். எதிரே ஒரு கூட்டம் வந்தது. அடுத்த கிழமை பௌத்த பன்சலையின் பெரஹர ஊர்வலம் அந்த வழியாக வருவதால் ஊர்க்காரர்கள் சிரமதானம் செய்துகொண்டிருந்தார்கள். பெண்கள் கூட்டினார்கள், இளைஞர்கள் வடிகால் தோண்டினார்கள், முன்னால், வேறு ஊரிலிருந்து கூலிக்கு வந்த ஒருவர் தோளில் மாட்டிய புல்வெட்டும் மெஷினோடு வந்தார். நல்ல வேலைக்காரர். அவர் கடந்துவந்த வீதியோரம் என் தோட்டத்துப் புல்லைப்போல மொட்டையாக, சீராக இருந்தது. ஒரு கணம் ரசித்துப் பார்த்தேன். அடுத்த கணம்தான் அவர் எங்கே போகிறார் என்பது புரிந்தது.

மெஷின் வேலியின் முதல் கம்பைத் தொட்டுவிட்டது. பச்சைத் துண்டுகள் தெறித்தன.

நான் ஓடினேன். யோசித்து ஓடியிருந்தால் வேறு எண்ணமும் வந்திருக்குமோ என்னவோ. யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. அவருக்கும் வேலிக்கும் நடுவே கையை விரித்துக்கொண்டு நின்றேன். அவர் பதறிப்போய் மெஷினை நிறுத்தினார்.

"பைத்தியமா ஐயா? கால் போயிருக்கும்!" என்று சிங்களத்தில் கத்தினார்.

"இந்தக் கொடியை வெட்ட வேண்டாம்," என்றேன் நானும் சிங்களத்தில். "புழு இருக்குது."

"புழு இருந்தால் வெட்டத்தானே வேணும்?"

பின்னால் வந்தவர்கள் சிரித்தார்கள். நான் ஓர் இலையைத் திருப்பிக் காட்டினேன். "இது சப்சந்த. அந்தப் பெரிய மஞ்சள் வண்ணத்துப்பூச்சி இதைத்தான் தின்று வளரும். வேறு கொடியைக் கொடுத்தால் செத்துவிடும். நான் பார்த்திருக்கிறேன்."

அவர் குனிந்து பார்த்தார். "என் அம்மா காய்ச்சலுக்கு இதை அவித்துக் கொடுப்பார். ஆனால் ஐயா, பெரஹர வருகிறது. வேலி வீதிக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது. பாம்பு இருக்கும் என்று நாளைக்கு எல்லாரும் என்னைத்தான் கேட்பார்கள்."

"வீதிக்கு நீட்டியதை நான் கையால் உள்ளே கட்டிவிடுகிறேன். மெஷின் வேண்டாம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். வெளியூர்ச் சட்டை, வெளியூர்ச் சப்பாத்து. "இது யார் வேலி? உங்களுடையதா?"

"ஆமாம்," என்றேன். "என்னுடையதுதான்."

அந்தச் சொல் எப்படி வந்ததென்று இன்றைக்கும் தெரியாது. ஆனால் வாயிலிருந்து வந்தபோது மிகவும் இனித்தது. அந்த வேலி, கொடி, கொழுத்த புழுக்கள், மேலே கத்தும் குக்குறுவான்கள், வளைவுக் குளிர் எல்லாம் ஒரு நொடிக்கு என் பெயரில் இருந்தன.

அந்த நொடியில்தான் வேலிக்கு உள்ளிருந்து சுமதியின் குரல் கேட்டது. "ரவி! ரவி! வருது, வருது! எங்க இருக்கீங்க?"

எனக்கும் அவளுக்கும் நடுவே ஒரு கம்பு வேலி. ஓடினால் முப்பதே விநாடி. மெஷின்காரர் மெஷினைக் கிளப்பும் கயிற்றை மறுபடி இழுக்கக் கை வைத்துக்கொண்டிருந்தார். நான் நகரவில்லை. வேலிக் கம்பில் அவிழ்ந்து தொங்கிய நூலையும், பக்கத்துப் பெண்மணி தந்த தென்னோலை நாரையும் வைத்து, வீதிப்பக்கம் தொங்கிய கொடிகளை ஒவ்வொன்றாக உள்ளே வளைத்துக் கட்டினேன். வெட்டுப்பட்டு விழுந்த துண்டுகளில் இரண்டு புழுக்கள் உயிரோடு இருந்தன, அவற்றை நல்ல இலைகளில் ஏற்றிவிட்டேன். மெஷின்காரரே கடைசியில் குந்தியிருந்து கட்ட உதவினார். உள்ளே சுமதி "ஐயோ, ஐயோ" என்று வியப்பதும், நவாஸ் நானா "மாஷா அல்லாஹ்" என்பதும் தெளிவாகக் கேட்டுக்கொண்டே இருந்தன. பல் கடித்துக்கொண்டு முடிச்சுப் போட்டேன்.

நான் உள்ளே போனபோது எல்லாம் முடிந்திருந்தது. வெறுங்கூட்டைப் பற்றிக்கொண்டு வண்ணத்துப்பூச்சி தொங்கிக்கொண்டிருந்தது. சிறகுகள் முழுதாக விரிந்து, இன்னும் ஈரமாக, மெல்ல மூடித் திறந்தன. சுமதி திரும்பிப் பார்த்தாள். அவள் கண்கள் நிறைந்திருந்தன.

"பொழைச்சிருச்சு ரவி," என்றாள்.

நான் கோபமாகத்தான் வந்தேன். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவள் பக்கத்தில் குந்தினேன். அது காய்ந்து பறப்பதற்கு இன்னும் வெகு நேரம் எடுத்தது. அதை நாங்கள் சேர்ந்து பார்த்தோம்.

பிறகு மெஷின்காரர் வாசலுக்கு வந்து தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு நவாஸ் நானாவிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். நானா என்னைப் பார்த்தார், மெஷின்காரரைப் பார்த்தார், முக்காலியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"தம்பி, வேலி உங்கடதாமே?"

சுமதிக்கும் ராத்தாவுக்கும் விளங்கியபோது அவர்களும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"அவசரத்துக்குச் சொன்னேன் நானா."

"சரிதான். கட்டினது நீங்க, அப்ப உங்கடதுதான்," என்றார். அவர் குரலில் முதல்முறையாகப் பெருமை இல்லை. "நான் அங்க இருந்திருந்தா சண்டை புடிச்சிருப்பேன். வெட்டியும் போட்டிருப்பாங்க."

பகல் சாப்பாட்டுக்குப் பின் புறப்பட்டோம். ரிசானா ராத்தா ஈஸ்வரமூலியின் காய்ந்த காய்களை ஒரு பொட்டலத்தில் மடித்துச் சுமதியிடம் கொடுத்தார். அப்போது கூரைமேல் குரங்குக் கூட்டம் ஒன்று தடதடவென்று ஓடியது. "ரிலவுகள். ஒரு கொய்யாக்கா மிச்சம் வைக்கிறதில்ல," என்று தும்புத்தடியை ஓங்கியவர், என்னிடம் திரும்பினார். "தங்கச்சி அனுப்பின உங்க வீட்டுப் படத்தை இவர் காட்டினார் தம்பி. எவ்வளவு துப்புரவா வச்சிருக்கீங்க! அதுக்குள்ள நிம்மதியா ஒரு கதிரை போட்டு இருக்கலாமேன்னு எனக்கு ஆசையா இருந்துச்சு."

மனதுக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது. பலாபத்வல வரும் வரைதான் அந்த இதம்.

திரும்பும் வழியில் வீதியோர வேலிகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மாத்தளை தாண்டும் வரை ஆங்காங்கே உயிர்வேலி இருந்தது. கண்டியை நெருங்க நெருங்கத் தகரம், வலைக்கம்பி, பிறகு மதில். கடவத்தையில் இறங்கும்போது கண்ணுக்கெட்டிய தூரம் சீமெந்து மதில்தான். எங்களுடையதும் அதில் ஒன்று. நம் ஊரில் ஒரு பூச்சிக்குப் பசித்தால் அது எங்கே போகும் என்று நினைத்துப் பார்த்தேன், பல்லேபொலைக்குத்தான் போகவேண்டும்.

கேற்றைத் திறக்கும்போது பக்கத்து வீட்டுப் பெர்னாண்டோ அக்கா தன் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பம், பல வருடப் பழக்கம்.

"வந்துட்டீங்களா? நீங்க இல்லாத ரெண்டு நாளும் உங்க புல்லைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். ஒரு சருகு இல்ல! உண்மையச் சொன்னா பொறாமையா இருக்கு ரவி."

இதைக் கேட்பதற்காகவே நான் வருடக்கணக்காகக் குனிந்து வெட்டியிருக்கிறேன். சுமதி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா," என்றேன், "நம்ம ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருக்கிற இந்த மதில்ல பின்பக்கம் ஒரு பத்தடியை இடிச்சிட்டு, வேலி போட்டு, அந்தப் பிரேசில் கொடிக்குப் பதிலா வேற ஒரு கொடி விட்டா என்ன?"

அவர் முகம் மாறியது. "கொடியா? புழு வருமே!"

"வரணும்கா," என்றாள் சுமதி.

கணவரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் சொல்லவில்லை. நான் தினமும் காலையில் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஐயா என்ன சொன்னார்?" என்று கேட்கிறேன்.